ஒன்றாம் எண் தாய்

மார்ச் 4

இயந்திரம் வந்துவிட்டது. எக்ஸ்ரே பிரிவில் கழித்துப் போட்ட கணினி. மேல்மூடியில் யாரோ தேநீர்க் குவளை வைத்த வட்டம். துடைத்தேன், போகவில்லை. இருக்கட்டும்.

எனக்குக் கொடுத்த அறை முன்பு படுக்கை விரிப்புகள் அடுக்கியிருந்த இடம். ஜன்னல் இல்லை. சோப்பு வாசனை இன்னும் மிச்சமிருக்கிறது. சுவருக்கு அந்தப் பக்கம் பால் வங்கி. குறைமாதக் குழந்தைகளுக்காக மற்றத் தாய்மார்கள் கொடுத்துவிட்டுப் போகும் பால் அங்கே உறைந்து கிடக்கிறது.

காலையில் குழந்தைகள் வார்டு டாக்டர் வந்து வாசலிலேயே நின்று பேசினார். அவர் எங்கேயும் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

“ஏப்ரல்ல ஆய்வுக்கு வர்றாங்க. ஏதாவது ஒரு புட்டியக் காட்டி, இது யாரோட பால், எந்தக் குழந்தை குடிச்சுதுன்னு கேப்பாங்க. சொல்ல முடியலேன்னா வங்கிய மூடிடுவாங்க. அப்புறம் என் வார்டுல எல்லாத்துக்கும் பவுடர் பால்தான். சில குட்டிகளுக்குக் குடல் தாங்காது.”

“சொல்ல முடியும் டாக்டர்.”

“இப்ப எக்ஸெல்லயே சொல்ல முடியல.”

“சர்வர் போட்டுட்டா ஒரு வரிதான்.”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். நம்பினார் என்று சொல்ல முடியாது. வேறு ஆளும் இல்லை.

இப்போது நடப்பது இது: இரண்டு நர்ஸ்கள் ஒரே எக்ஸெல் கோப்பை இரண்டு கணினிகளில் திறக்கிறார்கள். கடைசியாகச் சேமிப்பவர் முந்தையவர் காலையில் எழுதியதை அழித்துவிடுகிறார். யாருக்கும் தெரிவதில்லை.

மதியம் லினக்ஸ் இயங்குதளம் ஏற்றினேன். படங்கள் இல்லாத வெறும் கறுப்புத் திரை. தரவுக்கு வட்டில் தனிப் பகுதி ஒதுக்கினேன். மற்றது நிரம்பி வழிந்தாலும் இது மூச்சு முட்டக் கூடாது. பிறகு தரவுத்தள சர்வர். ஒரே கட்டளை. எழுத்துகள் மேலே ஓடி நின்றன.

பல்கலைக்கழகத்தில் தத்துவம் படித்தேன். ஒன்று இருக்கிறதா இல்லையா என்று வருடக்கணக்கில் வாதாடினோம். இங்கே கேட்டவுடன் பச்சை எழுத்தில் பதில். இயங்குகிறது.

மார்ச் 5

இயங்குகிறது. ஆனால் தன்னோடு மட்டும்தான் பேசுகிறது.

மார்ச் 6

பால் அறைக் கணினியிலிருந்து அழைத்தால் பதிலே இல்லை. புதிதாக நிறுவிய சர்வர் தன் சொந்த முகவரியை மட்டுமே கேட்கும். வெளியார் யார் பேசினாலும் காதில் விழாது. எனக்கு அதன்மேல் கொஞ்சம் மரியாதை வந்தது.

அமைப்புக் கோப்பில் கேட்கும் முகவரியை மாற்றினேன். சர்வரை நிறுத்தி மறுபடி கிளப்பினேன். பதில் இல்லை. ஃபயர்வாலைத் திறந்தேன். பதில் இல்லை. கம்பியைப் பிடுங்கிச் செருகினேன். சுவரில் கண்ணாடி பதித்த சின்னச் சதுரம் ஒன்று உண்டு, பால் அறையைப் பார்த்து. அதன் வழியாக அங்கே மூத்த நர்ஸான பெரிய சிஸ்டர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன தம்பி, உங்க பொட்டிக்குக் காது கேக்காதா?”

“கேக்கும் சிஸ்டர். சொல்லிட்டிருக்கேன்.”

“எங்க வீட்டுக்காரருக்கும் அப்படித்தான் சொல்லிட்டே இருக்கேன்.”

பின்னால் குட்டி சிஸ்டர் சிரித்தார். அவர்தான் இங்கே எல்லோரையும்விட உயரம். சேர்ந்தபோது வயதில் சின்னவர் என்று வைத்த பெயராம், நிலைத்துவிட்டது.

காரணம் கண்டுபிடித்தபோது அரைநாள் போயிருந்தது. மாற்றிய வரிக்கு முன்னால் ஒரு ஹாஷ் குறி இருந்தது. அது இருந்தால் சர்வர் அந்த வரியைப் படிக்காமல் தாண்டிவிடும். நான் சொன்னதை அழகாக, சரியாக, அது படிக்காத இடத்தில் எழுதியிருக்கிறேன்.

குறியை எடுத்தேன். மறுதொடக்கம். பேசிவிட்டது.

அனுமதிக் கோப்பில் இரண்டே வரிகள் சேர்த்தேன். பால் அறையின் இரண்டு கணினிகள். வேறு யாருக்கும் கதவு இல்லை.

மார்ச் 9

சண்டை. நான் ஜெயித்தேன்.

பெரிய சிஸ்டருக்கு எல்லோருக்கும் ஒரே கடவுச்சொல் வேண்டும். “நாங்க என்ன வேத்தாளுங்களா? ஒரே ஃப்ரீசர், ஒரே அடுப்பு, ஒரே கக்கூஸ். கடவுச்சொல் மட்டும் தனித்தனியா?”

“யார் எழுதினதுன்னு தெரியணும் சிஸ்டர்.”

“தப்பு பண்ணினா மாட்டிவிடவா?”

“சரியா பண்ணினதும் உங்க பேர்லதான் நிக்கும்.”

அது எடுபட்டது. ஆளுக்கு ஒரு பயனர் கணக்கு. சேர்க்கலாம், பார்க்கலாம், அழிக்க முடியாது.

அட்டவணைகள் போட்டேன். தாய்மார்கள். அவர்கள் கொடுத்த பால். புட்டிகள். குழந்தைகள். எது யாருக்குப் புகட்டப்பட்டது. ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கயிறு. எக்ஸெல் கோப்பில் புட்டிக்கு எதிரே ‘தாய்’ என்று ஒரு கட்டம் இருந்தது. அதையே எடுத்துக்கொண்டு விதி எழுதினேன்: ஒவ்வொரு புட்டிக்கும் ஒரு தாய். தாய்மார் அட்டவணையில் இல்லாத எண்ணைப் போட்டால் ஏற்காது. வெற்றிடம் விட்டால் ஏற்காது.

சோதித்தேன். தாய் இல்லாமல் ஒரு புட்டியைச் சேர்க்கப் பார்த்தேன். மறுத்தது. மறுபடி. மறுபடியும் மறுத்தது. கெஞ்சினாலும் மறுக்கும். எக்ஸெல்லுக்கு இந்த முதுகெலும்பு கிடையாது, எதைக் கொடுத்தாலும் தலையாட்டும்.

எனக்கும்தான் மறுக்க வராது. அதனால்தான் பிடித்திருக்கிறதோ?

குட்டி சிஸ்டர் கண்ணாடியைத் தட்டி, உள்ளே வந்து ஒருநாள் வேலையைப் பார்க்கச் சொன்னார். கவுன், தொப்பி, செருப்பைக் கழற்றி, முழங்கை வரை கழுவி... “அப்புறமா வர்றேன்” என்றேன்.

மார்ச் 10

பழைய எக்ஸெல் கோப்பிலிருந்து பெயர்களைக் கொண்டுவந்தேன். நூற்றுக்கணக்கான தாய்மார்கள். எல்லோரும் கேள்விக்குறிகள். எக்ஸெல் சேமித்த விதத்தில் தமிழ் எழுத்தெல்லாம் போய்விட்டது. வேறு வடிவில் சேமித்து மறுபடி ஏற்றினேன். பெயர்கள் வந்தன. நிம்மதி.

மார்ச் 13

காப்புப் பிரதி எடுப்பது எல்லோரும் செய்வது. திரும்ப வருகிறதா என்று பார்ப்பவர்கள் குறைவு. நான் பார்த்தேன். வேறொரு கணினியில் வெறும் சர்வர் போட்டு, பிரதியை அதில் இறக்கி, எண்ணிக்கைகளை ஒப்பிட்டேன். ஒன்றுகூடக் குறையவில்லை.

டாக்டரிடம் சொன்னேன். “நல்லது” என்றார். இந்த ஆஸ்பத்திரியில் அது விருது மாதிரி.

மார்ச் 16

அக்கா எங்கள் வங்கிக்குப் பால் கொடுக்க ஆரம்பித்திருக்கிறாள்.

நான் சொல்லவில்லை. மாமாதான் எங்கேயோ சுவரொட்டி பார்த்துவிட்டு வந்து சொல்லியிருக்கிறார். அவள் கைக்குழந்தை வாண்டு குடித்து மிஞ்சியதைத் தினமும் கீழே கொட்டிக்கொண்டிருந்தாள். இரத்தப் பரிசோதனை முடிந்து, எண் கொடுத்தாகிவிட்டது.

“டேய், எனக்கு நம்பர் போட்டிருக்காங்களாம். உன் பொட்டியில நான் எத்தனையாவது ஆளு?”

“பாக்க மாட்டேன்.”

“ஏன்டா?”

“எனக்கு எல்லாம் தெரியும்படி இருக்கு. அதனாலதான் பாக்கக் கூடாது.”

மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: “மாப்ள பெரிய நீதிபதிடி. அவனத் தொந்தரவு பண்ணாத.”

கிண்டல்தான். ஆனால் இதை ஒரு விதியாகவே வைத்துக்கொண்டேன். நிர்வாகிக் கணக்கில் நுழைந்தால் பெயர்களைத் திறப்பதில்லை, எண்கள் மட்டும். அக்காவின் எண் எனக்குத் தெரியாது.

மார்ச் 23

எல்லாம் ஓடுகிறது. ஆரம்பத்தில் தினமும் நிறைய மறுப்புகள் சர்வரின் பிழைக் குறிப்பில் விழும். பழகாத விரல்கள். நாலைந்து நாளில் குறைந்து, இப்போது ஒன்றுகூட இல்லை.

“பழகிடுச்சா சிஸ்டர்?”

“பழகிக்கிட்டோம் தம்பி” என்றார் பெரிய சிஸ்டர்.

மார்ச் 26

ஆய்வுத் தேதி சொல்லிவிட்டார்கள். ஏப்ரல் 17. இன்றே வந்தாலும் எனக்குச் சம்மதம்.

மார்ச் 30

காலையில் அக்கா தட்டை வைத்துவிட்டு நகராமல் நின்றாள். முகம் சரியில்லை.

பல்வலிக்கு ஒரு வாரமாக மாத்திரை சாப்பிட்டிருக்கிறாள். பல் டாக்டரிடம் குழந்தை இருப்பதைச் சொல்லவில்லை. வலியில் வாயே திறக்கவில்லையாம். நேற்று இன்னொரு அட்டை வாங்கப் போனபோது, இடுப்பில் வாண்டைப் பார்த்த மருந்துக்கடைக்காரர், “பால் குடுக்கறீங்களா? அப்ப இது கூடாதேம்மா” என்றிருக்கிறார். உடனே வாண்டைத் தூக்கிக்கொண்டு ஓடி டாக்டரிடம் காட்டியிருக்கிறாள். கொழுகொழு குழந்தை, ஒன்றும் ஆகவில்லை, சில நாள் பவுடர் பால் கொடு என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

“இவன் தாங்கிட்டான்டா. அங்க குடுத்தேனே... அந்த வாரம் பூரா போய்க் குடுத்தேனே. அதுங்க உள்ளங்கை அளவுதான இருக்கும்?”

அழ ஆரம்பித்துவிட்டாள்.

“அக்கா. இதுக்குத்தான் சர்வர். ஒரு வரி எழுதினா உன்னோட புட்டி எல்லாம் வந்துடும். எடுத்துக் கொட்டிடலாம். அரைமணி நேர வேலை.”

“நிஜமா?”

“நிஜமா.”

அவளிடம் எண்ணைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனேன். நடக்கும்போதே மனதில் வரியை எழுதிவிட்டேன். அறைக்குள் போய்ச் செருப்பைக்கூடச் சரியாக விடாமல் தட்டினேன்.

பூஜ்யம்.

அவள் கொடுத்த பால் இருக்கிறது. ஒவ்வொரு நாளும், ஒவ்வொரு அளவும், ஒழுங்காக. ஆனால் அவள் எண்ணில் ஒரு புட்டிகூட இல்லை. பால் உள்ளே போயிருக்கிறது, வெளியே வரவே இல்லை.

எந்தத் தாய்க்கு எத்தனை புட்டி என்று கேட்டேன். பட்டியலின் உச்சியில் ஒரே எண். வங்கியில் இருக்கும் புட்டிகளில் பெரும்பகுதி அவளுடையது. மற்ற எல்லோரையும் கூட்டினாலும் அவள் பக்கத்தில் வர முடியாது. எண் 1.

விதியை மீறிப் பெயரைத் திறந்தேன்.

பெயர்: அம்மா. தொலைபேசி: ஆஸ்பத்திரியின் பொது எண். பிறந்த தேதி: பால் வங்கி திறந்த நாள்.

அரைமணி நேரம்னு சொன்னேனே அவகிட்ட. என்ன திமிரு எனக்கு.

மார்ச் 30, மதியம்

கண்ணாடியைத் தட்டிப் பெரிய சிஸ்டரை வரச் சொன்னேன். வந்தார். திரையைக் காட்டினேன்.

“யார் சிஸ்டர் இது?”

கூச்சமே இல்லை. “அம்மா.”

“எந்த அம்மா?”

“எல்லா அம்மாவும். தம்பி, நாங்க என்ன ஒவ்வொருத்தியோடதையும் தனித்தனியாவா சூடு பண்றோம்? ஒருத்திக்குத் தண்ணியா இருக்கும், ஒருத்திக்குக் கெட்டியா இருக்கும். மூணு நாலு பேரோடதக் கலந்து, ஒண்ணாச் சூடு பண்ணி, அப்புறம்தான் புட்டியில ஊத்துவோம். ரொம்ப நோஞ்சான் குட்டிங்களுக்கு மட்டும்தான் ஒரே தாய்ப் புட்டி.”

“கலந்ததுக்கு?”

“உங்க பொட்டி ஒரே பேருதான் கேக்குது. மொதல்ல மூணு நம்பரும் போட்டுப் பாத்தோம், மாட்டேன்னுடுச்சு. ஒருத்தி பேரப் போட்டா மத்த ரெண்டு பேருக்குத் துரோகம். பொய் எழுதக் கூடாது இல்லியா? அதான் காலியா இருந்த ஒண்ணாம் நம்பர்ல பொதுவா அம்மான்னு ஒருத்தியச் சேர்த்தோம். அவள ஏத்துக்கிச்சு.”

“ஏன் என்கிட்ட சொல்லல?”

“நீங்க கேக்கவே இல்லையே. கண்ணாடிக்கு அந்தாண்டையே நின்னுக்கிட்டு எல்லாம் சரியான்னு கேட்டா, சரின்னுதான் சொல்லுவோம்.”

“சரியில்லன்னு சொல்றதுக்கு என்ன?”

குரல் உயர்ந்துவிட்டது. அவருக்கும்தான். “ஏன், பேரு போட்டா அதுமேல கை வைக்கவே முடியாதுன்னு பூட்டு போட்டது யாரு? எழுதினத அழிக்க முடியுதா எங்களால? தப்புன்னு தெரிஞ்சாலும் திருத்த விடல நீங்க!”

இரண்டு பேரும் நிறுத்திக்கொண்டோம். குட்டி சிஸ்டர் கண்ணாடிக்குப் பின்னால் வாயைப் பொத்தியபடி நின்றார்.

மறுக்கத் தெரிந்த பெட்டி என்று பெருமைப்பட்டேன். பிழைக் குறிப்பு காலியானபோது, பழகிவிட்டார்கள் என்று எடுத்துக்கொண்டேன். அவர்கள் பழகியது பெட்டியை ஏமாற்ற அல்ல. அதனிடம் பொய் சொல்லாமல் தப்பிக்க.

டாக்டரிடம் இரண்டு பேருமாகப் போனோம். மாத்திரையின் பெயரைக் கேட்டார். உதட்டைக் கடித்தார்.

“அம்மா பேர்ல இருக்கற எதுவும் வார்டுக்கு வரக் கூடாது. ஒரே தாய்ப் புட்டி மட்டும். நாளை மத்தியானம் வரைக்கும் தாங்கும். அதுக்குள்ள எது நல்லதுன்னு பிரிச்சுக் குடுங்க. இல்லேன்னா எல்லாத்தையும் கொட்டிட்டுப் பவுடர்தான்.”

“ஏற்கெனவே குடிச்சது?”

“சூடு பண்ணினதும் கிருமிச் சோதனை முடிவு வர்ற வரைக்கும் புட்டி வெளிய வராது. அதனால குடிச்சிருக்காதுன்னு நினைக்கிறேன்.” நிறுத்தினார். “நினைக்கிறது போதாது. காட்டுங்க.”

ஒரே கட்டளையில் அம்மாவின் எல்லாப் புட்டிகளையும் ‘நிறுத்தம்’ என்று மாற்றினேன். அது மட்டும் சொன்னதைக் கேட்டது.

மார்ச் 31

செருப்பைக் கழற்றினேன். கவுன், தொப்பி. பெரிய சிஸ்டர் என் முழங்கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, “இன்னொரு தடவ கழுவுங்க” என்றார். கழுவினேன்.

உள்ளே குளிர். எஃகு மேசை. உறைந்த பால் மஞ்சள் நிறத்தில், சிலது வெள்ளையில், ஒன்று லேசாகப் பச்சையில். “கீரை சாப்பிடறவ” என்றார் குட்டி சிஸ்டர். பெரிய கண்ணாடிக் குடுவையில் மூன்று பேருடையதை ஊற்றினார்கள். எது யாருடையது என்று தெரிவது அந்த ஒரு நொடி வரைதான். அதற்குப் பிறகு கடவுளுக்கும் தெரியாது.

நான் கேட்டேன். முதல் தடவையாக ஒழுங்காகக் கேட்டேன். எதை முதலில் எடுப்பீர்கள்?

“பழசுதான் மொதல்ல. எப்பவும். மேல் தட்டுல இடதுலேருந்து.”

“எப்பவுமா?”

“எப்பவும் தம்பி. என் கண்ணு முன்னால மாத்த விட மாட்டேன்.”

அப்படியானால் வழி இருக்கிறது. வந்த பால் வரிசையாக இருக்கிறது, அளவோடு. புட்டிகளும் வரிசையாக இருக்கின்றன, அளவோடு. இரண்டையும் கூட்டிக்கொண்டே போனால் அக்காவின் பால் எந்தெந்தக் குடுவையில் விழுந்திருக்கும் என்று பெட்டியே சொல்லும். சிந்தியது, சோதனைக்கு எடுத்தது, அதற்காக முன்னும் பின்னும் ஒவ்வொரு குடுவையைச் சேர்த்துக்கொள்ளலாம். சந்தேகம் என்றால் கொட்டுவது. இதுதான் விதி.

பால் அறைக் கணினியிலேயே உட்கார்ந்து எழுதினேன். பெரிய சிஸ்டர் பின்னால் நின்றார். மூச்சு கழுத்தில் பட்டது. அழகான வரி இல்லை, நீளமான, முடிச்சு விழுந்த வரி. ஓட்டினேன். பட்டியல் வந்தது. அம்மாவின் புட்டிகளில் சிறு பங்குதான். மற்றதெல்லாம் பிழைத்தது.

“அவ்வளவுதானா?” என்றார் பெரிய சிஸ்டர்.

அப்போது குட்டி சிஸ்டர்: “அக்கா... ஃப்ரீசர் கழுவின அன்னிக்கு?”

பெரிய சிஸ்டர் அவர் பக்கம் திரும்பினார்.

பனி கட்டிப்போய் ஒருநாள் எல்லாவற்றையும் வெளியே எடுத்துக் கழுவியிருக்கிறார்கள். திரும்ப அடுக்கும்போது அவசரம். அன்று வரிசை இல்லை. பெரிய சிஸ்டர் அன்று விடுப்பு.

“அத ஏன்டி எங்கிட்ட சொல்லல?”

“நீங்களும் கேக்கல அக்கா” என்றார் குட்டி சிஸ்டர். மெதுவாக, தரையைப் பார்த்து. சிரிப்பு எனக்கு வந்தது, அடக்கினேன். பெரிய சிஸ்டருக்கும் வந்தது, அவர் அடக்கவில்லை.

கழுவிய நாளைத் தேடி, அதன் பிறகு சூடாக்கிய குடுவைகளில் அந்தத் தட்டு தீரும்வரை உள்ள எல்லாவற்றையும் சேர்த்தேன். பட்டியல் இரண்டு மடங்கானது. அதில் எதையாவது ஒரு குழந்தை குடித்திருக்கிறதா என்று புகட்டல் அட்டவணையைக் கேட்டேன்.

பூஜ்யம். இந்தப் பூஜ்யத்துக்காக நான் எதையும் கொடுத்திருப்பேன்.

ஆனால் ஒரு புட்டி ‘வார்டுக்கு அனுப்பப்பட்டது’ என்று நின்றது. நேற்றுக் காலை, நாங்கள் நிறுத்துவதற்கு முன். அனுப்பியாகிவிட்டது, புகட்டியதாகப் பதிவு இல்லை. குடித்துவிட்டுப் பதியவில்லையா? குடிக்கவே இல்லையா? பெட்டிக்குத் தெரியாது.

குட்டி சிஸ்டர் தொப்பியோடு ஓடினார். அந்தக் கால்களுக்கு அப்படி ஒரு வேகம் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. வராண்டாவில் யாரோ “மெதுவா!” என்று கத்துவது கேட்டது. பெரிய சிஸ்டர் குடுவையைத் துடைத்தார். துடைத்ததையே துடைத்தார்.

வந்தார். குட்டி சிஸ்டர் கையில் புட்டி. வார்டின் குளிர்பெட்டியில் இருந்திருக்கிறது. மூடி முத்திரை உடையவில்லை.

மூன்று பேரும் சேர்ந்து கொட்டினோம். ஒவ்வொன்றாக எண்ணைப் படித்து, அடித்து, கொட்டி. வெள்ளையாக வடிகாலில் போனது. குட்டி சிஸ்டர் சொன்னார்: “ஒவ்வொண்ணும் ஒருத்தி ராத்திரி முழிச்சு எடுத்தது.”

மதியத்துக்கு முன் மிச்சப் புட்டிகள் வார்டுக்குப் போயின. டாக்டர் “நல்லது” என்றார். பவுடர் டப்பா திறக்கப்படவில்லை.

அக்காவுக்குப் போன் செய்தேன். முழுக்கக் கேட்டுவிட்டு வைத்தாள். மாமா பிறகு கூப்பிட்டார்: “தூங்கறா மாப்ள. நேத்திலேருந்து இப்பத்தான்.”

ஏப்ரல் 2

புட்டிக்கும் தாய்க்கும் நடுவே ஓர் அட்டவணை. குடுவை. ஒரு குடுவைக்கு எத்தனை தாய்மார் வேண்டுமானாலும், ஒருத்திகூட இல்லாமல் கூடாது. ஒரு குடுவையிலிருந்து எத்தனை புட்டி வேண்டுமானாலும்.

பெரிய சிஸ்டர் பக்கத்தில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல எழுதினேன். எழுதியதைத் திருத்தவும் வழி வைத்தேன். பழையது அழியாது, திருத்தியவர் பெயரோடு புதியது மேலே வரும். “இது மொதல்லயே இருந்திருக்கலாம்” என்றார். இருந்திருக்கலாம்.

சின்ன வேலை. மூன்று வாரத்துக்கு முன்னால் கழுவிக்கொண்டு உள்ளே போயிருந்தால் அப்போதே முடிந்திருக்கும்.

ஏப்ரல் 3

அம்மாவை அழிக்கப் பார்த்தேன். சர்வர் மறுத்தது.

சரிதான். அவள் பெயரில் போன புட்டிகளைக் குடித்த குழந்தைகள் இருக்கிறார்கள். சிலர் எடை கூடி வீட்டுக்குப் போய்விட்டார்கள். அவளை எடுத்துவிட்டால் அவர்கள் எதுவுமே குடிக்காமல் வளர்ந்தவர்கள் ஆகிவிடுவார்கள். நான் போட்ட விதிதான், எனக்கே பாடம் எடுக்கிறது.

இருக்கட்டும். இனி அவள் பெயரில் புதிதாக எதுவும் ஏறாதபடி மட்டும் பூட்டினேன். மறுப்புச் செய்தியைத் தமிழில் எழுதினேன்.

ஆய்வில் அவளைக் கேட்டால்? மறைத்துப் பட்டியல் எடுக்கத் தெரியும் எனக்கு. ஒரு சொல் சேர்த்தால் போதும்.

மாட்டேன்.

ஏப்ரல் 10

மறுப்புகள் மறுபடி விழுகின்றன. தினமும் படித்துவிட்டு நேரே உள்ளே போய்க் கேட்கிறேன். என் அளவில் ஒரு கவுன் ஆணியில் தொங்குகிறது.

ஏப்ரல் 17

ஆய்வாளர் ஒரு பெண்மணி. கைக்குட்டையும் சிவந்த மூக்குமாக வந்தார். கூடவே எங்கள் டாக்டர், முதல்முறையாக உட்காரத் தயாரானவர்போல.

பால் அறை வாசலில் பெரிய சிஸ்டர் குறுக்கே நின்றார்.

“மேடம், ஜலதோஷமா?”

“லேசா.”

“உள்ள விட மாட்டேன்.”

டாக்டர் கண்ணை மூடிக்கொண்டார். ஆய்வாளர் தன் அடையாள அட்டையைக் காட்டினார். பெரிய சிஸ்டர் அதை நிதானமாகப் படித்தார். “சரி மேடம். ஆனா உள்ள விட மாட்டேன். அந்தக் கண்ணாடி வழியாப் பாருங்க. எல்லாம் தெரியும்.”

ஆக, அவர் என் அறையில், என் நாற்காலியில், கண்ணாடிக்கு இந்தப் பக்கம். நான் அந்தப் பக்கம், கவுனோடு. விரலால் ஒரு புட்டியைக் காட்டினார். குட்டி சிஸ்டர் எண்ணைப் படித்தார். தட்டினேன். மூன்று தாய்மார், குடுவை, சூடாக்கிய நாள், சோதனை முடிவு. இன்னும் யாரும் குடிக்கவில்லை. பிறகு ஒரு குழந்தையைக் கேட்டார். அது குடித்த ஒவ்வொரு வாயும் பின்னோக்கிப் போய் யார் யார் வீட்டிலோ முடிந்தது.

தலையசைத்தார். மொத்தப் பட்டியல் கேட்டார். கொடுத்தேன். முதல் வரியில் அவர் கண் நின்றது.

“ஒண்ணாம் நம்பர் யாரு? இவங்க மட்டும் இவ்வளவு குடுத்திருக்காங்களா?”

நான் வாயைத் திறப்பதற்குள் என் பக்கத்திலிருந்து கனமான குரல்.

“அது நாந்தான் மேடம்.”

ஆய்வாளர் பெரிய சிஸ்டரைப் பார்த்தார். அறுபதை நெருங்கும் முகம், நரைத்த புருவம்.

“நீங்களா?”

“அவள உண்டாக்கினது நான்.”

“உண்டாக்க வெச்சது நான்” என்றேன்.

சொன்னோம். கலந்தது, மறுத்தது, மாத்திரை, ஃப்ரீசர் கழுவியது, கொட்டியது, எல்லாம். டாக்டர் குறுக்கிடவில்லை. ஆய்வாளர் எழுதவும் இல்லை, கேட்டுக்கொண்டே இருந்தார். கடைசியில்:

“அப்ப அந்தப் பழைய புட்டிகளுக்கு உங்களால பதில் சொல்ல முடியாது.”

“முடியாது மேடம்.”

“இனிமே அந்த நம்பர்ல எதுவும் ஏறாதா?”

“உங்க முன்னாடி இருக்கற கீபோர்டுலயே போட்டுப் பாருங்க. சோதனைக் கணக்கு திறந்துதான் இருக்கு.”

போட்டார். பெட்டி மறுத்தது. நான் எழுதிய வரியை அவர் சத்தமாகப் படித்தார்: “இந்தத் தாய் இனி பால் கொடுப்பதில்லை.”

சிரித்தாரா தும்மினாரா என்று கண்ணாடி வழியாகச் சரியாகத் தெரியவில்லை. “வாசல்லயே நிறுத்தற பொட்டி ஒண்ணு, சிஸ்டர் ஒண்ணு” என்று டாக்டரிடம் சொன்னது மட்டும் கேட்டது.

முடிவைப் பிறகு சொல்வார்களாம்.

ஏப்ரல் 24

முடிவு இன்னும் வரவில்லை. பெரிய சிஸ்டர் கழுவிய அலமாரியையே மறுபடி கழுவுகிறார்.

மே 6

என் அறை போய்விட்டது.

ஆய்வில் வங்கி தேறிவிட்டது, இரண்டாவது ஃப்ரீசரும் இன்று வந்தது. நாலு பேர் தூக்கி வந்து வைத்தார்கள். ஜன்னல் இல்லாத, சோப்பு மணக்கும் அந்த இடம்தான் அதற்குப் பொருந்துமாம். பெட்டியைப் பால் அறைக்குப் பக்கத்து இடுக்கில், தட்டு போட்டு ஏற்றினேன். முகவரியை மாற்றினேன். வரிக்கு முன்னால் ஹாஷ் குறி இல்லை என்று இரண்டு தடவை பார்த்தேன். மறுதொடக்கம். முதல் அழைப்பிலேயே பேசியது. குவளை வட்டம் இப்போது கண் மட்டத்தில் இருக்கிறது.

மதியம் ஒரு மறுப்பு. குட்டி சிஸ்டர் இல்லாத எண் ஒன்றை அடித்திருந்தார். போன் வருவதற்குள் கழுவிக்கொண்டு நின்றேன்.

“பொட்டி மாட்டேங்குது தம்பி.”

“என்ன நம்பர் போட்டீங்க?”

“புதுசா இல்ல, பழையவங்கதான். மாத்திரையெல்லாம் நிறுத்தி, ரத்தம் சோதிச்சு, திரும்பி வந்திருக்காங்க. கடைசி எண்ணத் தப்பா அடிச்சிட்டேன்.”

சரியாக அடித்தார். ஏற்றுக்கொண்டது. குடுவையில் மூன்று எண்கள். நடுவில் இருக்கும் எண் எனக்குத் தெரியும்.

பார்க்கவில்லை என்று எழுதிவைக்கிறேன்.

“உங்க அக்கா வெளிய உக்காந்திருக்காங்க” என்றார் பெரிய சிஸ்டர், குடுவையைச் சுற்றிக் கலக்கியபடி. “தண்ணி குடுத்தனுப்புங்க. வெயில்ல வந்திருக்கா.”

செருப்பை மாட்டிக்கொண்டு போனேன்.